பைன்வுட் டெர்பி பட்டறை: 12 பிள்ளைகளுக்கு என்னென்ன வேண்டும்

அமெரிக்காவில் பிள்ளையைச் சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவான கப் ஸ்கவுட்டில் சேர்த்த வீட்டுக்குக் குளிர்காலத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்து சேரும். 7 அங்குல நீளம், 1¾ அங்குல அகலம், 1¼ அங்குல உயரத்தில் ஒரு பைன் மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரங்கள், அச்சாக நான்கு ஆணிகள். அவ்வளவுதான். இதை ஒரு காராகச் செதுக்கி, சரிவான தடத்தின் உச்சியிலிருந்து விட வேண்டும். மோட்டார் கிடையாது, புவியீர்ப்பு இழுக்கிற இழுப்புதான். பிள்ளைகளே உள்ளே உட்கார்ந்து ஓட்டும், மோட்டார் இல்லாத கார்ப் பந்தயமான சோப் பாக்ஸ் டெர்பியில் ஓட்டுவதற்கு வயது போதாத தன் மகனுக்காக, டான் மர்ஃபி என்பவர் 1953இல் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் தொடங்கி வைத்த இந்த விளையாட்டின் பெயர்தான் பைன்வுட் டெர்பி.

அடுக்குமாடியில் குடியிருக்கும் வீடுகளில் ஒரு ரம்பம்கூட இருக்காது. அதனால் பல ஸ்கவுட் பேக்குகள் (உள்ளூர்க் குழுக்கள்) ஒரு சனிக்கிழமை ஏதாவது ஒரு கரேஜிலோ தேவாலயக் கூடத்திலோ எல்லோரையும் கூட்டிப் பட்டறை நடத்துகின்றன. அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால் என்னென்ன வாங்க வேண்டும், எதை எங்கே வைக்க வேண்டும் என்பதே இங்கே. கணக்கு 12 பிள்ளைகளுக்கு. ஆளுக்கு ஒரு பெரியவர் கூட வருவார். மூன்று மணி நேரம் வீதம் இரண்டு நாள்.

ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெயின்ட் காயாது. காயாத பெயின்டில் சக்கரம் மாட்டினால் சக்கரம் ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் வெட்டி, துளைத்து, தேய்ப்பது. நடுவில் ஒரு வாரம் வீட்டில் பெயின்ட். இரண்டாம் நாள் எடையும் சக்கரமும். இந்தப் பிரிப்பு சரியாக இருந்தால் பாதித் தலைவலி குறைந்துவிடும்.

முதலில் விதித்தாள்

கருவி வாங்கும் முன் உங்கள் பேக்கின் விதித்தாளைக் கையில் வாங்கிவிடுங்கள். பொதுவாக எங்கும் இருப்பவை: எடை 5 அவுன்ஸைத் தாண்டக் கூடாது, நீளம் 7 அங்குலம், சக்கரம் சேர்த்து அகலம் 2¾ அங்குலம், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1¾ அங்குலம், காரின் அடிவயிற்றுக்கும் தடத்துக்கும் இடையே ⅜ அங்குலம். கடைசி இரண்டும் அலங்கார விதிகள் அல்ல. ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் ஒரு மேட்டுப்பட்டி ஓடும். கார் அதன் மேல் கவட்டை விரித்துக்கொண்டுதான் இறங்கும். அடியில் எடையை ஒட்டித் தொங்கவிட்ட கார் அந்தப் பட்டியில் உரசி நடுவழியில் நின்றுவிடும்.

ஊருக்கு ஊர் மாறுவது வேறு: அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை மாற்றலாமா, கடையில் விற்கும் மெருகேற்றிய ஆணிகளைப் போடலாமா, மூன்று சக்கரம் மட்டும் தரையைத் தொட்டால் போதுமா. இதெல்லாம் தெரியாமல் சாமான் வாங்கினால் பணம் வீண்.

நெரிசல் எங்கே

புதிதாகப் பட்டறை நடத்துகிறவர்கள் பெரிய இயந்திரங்களைத் தேடிப் போவார்கள். ஆனால் பிள்ளைகள் சலித்துப்போய் ஓடிப்பிடித்து விளையாட ஆரம்பிப்பது வரிசையில் நிற்கும்போதுதான். பேண்ட் சா (மின்ரம்பம்) ஒன்றில் ஒரு கட்டையை வெட்ட ஐந்து நிமிடம் என்று வையுங்கள். 12 கட்டைக்கு ஒரு மணி நேரம். கடைசிப் பிள்ளை அந்த ஒரு மணி நேரமும் என்ன செய்யும்? எனவே இன்னொரு இயந்திரத்துக்கு அலைவதைவிட, இயந்திரம் இல்லாமல் ஓடும் மேசைகளை அதிகமாகப் போடுவதே நல்லது. ஆறு பேர் வெட்டும் பக்கம் இருக்கும்போது மற்ற ஆறு பேர் ஆணி மெருகேற்றும் மேசையில் இருக்கட்டும், பிறகு மாறிக்கொள்ளட்டும். ஆணிக்கு மரம் தேவையில்லை என்பதால் அதை முதல் நாளே தொடங்கலாம்.

மின்கருவி பெரியவர் கைக்கு மட்டும். பேண்ட் சா, ஸ்க்ரோல் சா, டிரில் எதுவானாலும் கப் ஸ்கவுட் வயதுப் பிள்ளை தொடக் கூடாது. தரையில் டேப் ஒட்டி ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு அப்பால் இயந்திரம் ஓட்டுபவரும் ஓர் உதவியாளரும் மட்டும். பிள்ளை கோட்டுக்கு இப்பால் நின்று, தன் கட்டை வெட்டுப்படுவதைப் பார்க்கும்.

இன்னொன்று, கரண்ட். வீட்டுக் கரேஜில் ஒரு சர்க்யூட் பெரும்பாலும் 120 வோல்ட், 15 ஆம்பியர். அதாவது 1800 வாட். பேண்ட் சாவும் தூசி உறிஞ்சும் ஷாப் வேக்கும் ஒரே சர்க்யூட்டில் ஓடினால் பிரேக்கர் விழும். எந்தப் பிளக் எந்தச் சர்க்யூட்டில் இருக்கிறது என்று முந்தின நாளே பார்த்துப் பிரித்து மாட்டுங்கள்.

வாங்க வேண்டியவை

மடக்கு மேசை ஆறு. ஆனால் ரம்பம் போடும் இடத்துக்கு மடக்கு மேசை உதவாது. பிள்ளை இழுக்க இழுக்க மேசையும் கூடவே வரும். அதற்குக் கனமான மரப் பெஞ்சு ஒன்று, அதில் கட்டையைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் இரண்டு. வைஸின் தாடையில் மெல்லிய பலகைத் துண்டு வைத்தால் பைன் நசுங்காது. உயரம் போதாத பிள்ளைக்கு ஏறி நிற்க ஒரு பலகைப்படி.

கையால் வெட்ட கோப்பிங் சா மூன்று, அங்குலத்துக்கு 15 பல் உள்ள பிளேடு ஒரு டஜன். பிளேடின் பல் கைப்பிடியைப் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் இழுக்கும்போது வெட்டும். மாற்றி மாட்டினால் தள்ளும்போது பிளேடு வளைந்து ஒடியும். ஒரு டஜன் அதிகம் என்று தோன்றும், ஆனால் மதியத்துக்குள் நாலைந்து போய்விடும்.

6 அங்குலக் கிளாம்ப் 12. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். கட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு அரம் போடும் பிள்ளையின் விரல் தோல்தான் முதலில் உரியும்.

மர அரம், ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் வளைவுமாக இருப்பது, ஆறு. உப்புத்தாள் 80ஆம் எண் 12 முழுத்தாள், 120 பன்னிரண்டு, 220 பன்னிரண்டு. தாளை நான்காகக் கிழித்து, சின்ன மரத்துண்டில் சுற்றிக் கொடுங்கள். வெறும் கையால் தேய்த்தால் தட்டையான இடம் குழியாகும்.

மூலைமட்டம் இரண்டு, ஸ்டீல் ஸ்கேல் நான்கு, பென்சில் இரண்டு டஜன். சிறு சுத்தியல் மூன்று. பேட்டரி டிரில் மூன்று. முடிந்தால், தட்டின் மேல் செங்குத்தாக இறங்கித் துளைக்கும் டிரில் பிரஸ் ஒன்று இரவல் வாங்குங்கள். துளை நேராக விழ அதைவிடச் சிறந்தது வேறில்லை.

பாதுகாப்புக் கண்ணாடி 26. பிள்ளைக்கு ஒன்று, பெரியவருக்கு ஒன்று, மிச்சம் இரண்டு. வேடிக்கை பார்க்க வரும் தம்பி தங்கைகளுக்குக் கண்ணாடி இல்லையென்றால் அவர்களுக்கு வேறு அறை. தூசி முகமூடி ஒரு பெட்டி. முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்டருடன் ஒரு நல்ல இடுக்கியும் இருக்கட்டும். பைன் மரத்தில் சிலாம்பு ஏறாமல் ஒரு பட்டறையும் முடிந்ததில்லை.

மர வேலை: வரிசை மாறக் கூடாது

பெட்டியிலிருந்து கட்டையை எடுத்ததும் முதல் வேலை எழுதுவது. ஆணி புகும் இரண்டு காடிகளும் (குறுக்குப் பள்ளங்கள்) இருக்கும் பக்கம்தான் காரின் அடிப்பக்கம். அதில் "கீழ்" என்றும், ஓர் அம்புக்குறி போட்டு "முன்" என்றும், கூடவே பிள்ளையின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அழகாக ஆப்பு வடிவில் வெட்டி முடித்தபின் காடி மேலே நிற்பதைப் பார்த்து அழும் பிள்ளை ஆண்டுக்கு ஒன்று உண்டு. அதற்காக இரண்டு கட்டைகள் கூடுதலாக வைத்திருங்கள்.

எந்தப் பக்கம் முன்? இரு காடிகளுக்கும் இடையே 4⅜ அங்குலம். ஒரு காடி முனைக்குச் சுமார் ஓர் அங்குலம் தள்ளி இருக்கும். மற்றது இன்னும் உள்ளே. முனைக்கு அருகில் உள்ள காடியைப் பின்பக்கம் வையுங்கள். எடையைப் பின்னால் குவிக்க அது வசதி.

அடுத்து, காடிகள் நேராக இருக்கின்றனவா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். ஆலையில் வெட்டியது என்று நம்பிவிட முடியாது. சில கட்டைகளில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சாய்ந்த காடியில் ஆணி சாயும், கார் ஒரு பக்கமாகவே இழுக்கும். கோணல் அதிகமென்றால் கட்டையை மாற்றுங்கள்.

பிறகு துளை. ஆமாம், வெட்டும் முன்பே. கட்டை இன்னும் சதுரமாக இருப்பதால் டிரில் பிரஸின் தட்டில் ஆடாமல் உட்காரும். ஆப்பாக வெட்டிய பின் அதைப் பிடித்து நிறுத்துவதே பெரும்பாடு. உருளை எடைக்கு ⅜ அங்குலத் துளை. பின் காடிக்கு முன்னால், காடியிலிருந்து கால் அங்குலமாவது தள்ளி விழ வேண்டும். காடிக்குள் துளை புகுந்துவிட்டால் ஆணிக்குப் பிடிப்பு போய்விடும். வெட்டுக்கோடு எங்கே வரப்போகிறது என்று பார்த்துத் துளையின் உயரத்தை முடிவு செய்யுங்கள். வெட்டியதும் பாதித் துளை திறந்து கிடந்தால் எடை நிற்காது.

வடிவத்துக்கு 7 அங்குலம் நீளம், 1¼ அங்குலம் உயரமுள்ள காகிதத்தில் பக்கத் தோற்றத்தை வரையச் சொல்லி, அதைக் கட்டையின் இரு பக்கமும் ஒட்டுங்கள். பிள்ளை சுறா வரையட்டும், பென்சில் வரையட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றே: காடிக்கு மேலே குறைந்தது அரை அங்குல மரம் மிஞ்ச வேண்டும், சக்கரம் வரும் இடத்தில் அகலம் 1¾ அங்குலமாகவே நிற்க வேண்டும், மூக்கு மிக உயரமாகவோ கூராகவோ இருக்கக் கூடாது. மூக்கு ஏன்? தொடக்கக் கோட்டில் கார் ஒரு குச்சியின் மேல் மூக்கைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். மூக்கு தூக்கலாக இருந்தால் கார் அந்தக் குச்சியின் மேல் ஏறிவிடும்; கூராக இருந்தால் பக்கவாட்டில் சரியும்.

நீளவாக்கில் முழுக் கட்டையையும் கோப்பிங் சாவால் அறுப்பது எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரிய தண்டனை. அந்த நீள வெட்டைப் பெரியவர் பேண்ட் சாவில் போட்டுத் தரட்டும். மூக்கை வளைப்பது, பின்பக்கம் ஒரு துண்டை வெட்டுவது போன்ற குறுக்கு வெட்டுகளைப் பிள்ளையே செய்யட்டும். தேய்ப்பது முழுக்கப் பிள்ளையின் வேலை: 80, 120, 220 என்று ஏறுவரிசையில், மரத்தின் ரேகை ஓடும் பக்கமாக. ஓட்டை உடைசல் இருந்தால் மரப் புட்டி பூசிக் காயவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும்.

பிள்ளையின் கையிலிருந்து அரத்தை வாங்கி "நான் காட்டுகிறேன்" என்று ஆரம்பிக்கும் அப்பாக்கள் அரை மணி நேரம் திருப்பித் தருவதில்லை. அவர்களுக்கென்று ஒரு மேசையில் நாலு கட்டைகள் போட்டுவிடுங்கள். பல பேக்குகளில் பெரியவர்களுக்குத் தனிப் போட்டியே உண்டு.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் முன் காடிகளின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். காடியில் பெயின்ட் இறங்கிக் காய்ந்தால் ஆணி புகாது; சுத்தியலால் அடித்தால் கட்டை பிளக்கும். கரேஜில் ஸ்ப்ரே அடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே பல ஸ்ப்ரே பெயின்டுகள் சரியாகக் காய்வதில்லை. ஜனவரி மாதத்தில் அக்ரிலிக் பெயின்டும் தூரிகையும் நல்லது.

ஆணி: வேகம் இருக்கும் இடம்

கார் வடிவத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை ஆணிக்குக் கொடுத்தால் பலன் அதிகம். பெட்டியில் வரும் ஆணியைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். தலைக்குக் கீழே பிசிறு இருக்கும், தண்டில் அச்சு அழுத்திய கோடுகள் இருக்கும். சக்கரத்தின் உள்துளை சுழலும்போது உரசுவது அங்கேதான். நுங்கு வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், குச்சி கரடாக இருந்தால் வண்டி இழுக்கும்.

கண்ணாடித் துண்டின் மேல் ஆணியை உருட்டினால் வளைந்தது தெரிந்துவிடும், அதை ஒதுக்குங்கள். பெரியவர் ஆணியின் கூர்முனையை டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுழற்ற, மெல்லிய அரத்தைச் சாய்த்துப் பிடித்துத் தலைக்குக் கீழுள்ள பிசிறை எடுக்க வேண்டும். அதன்பின் வாட்டர் பேப்பரைக் கால் அங்குல நாடாவாக வெட்டி, தண்ணீரில் நனைத்து, 400, 600, 1000 என்று ஒவ்வொன்றும் அரை நிமிடம். டிரில் இல்லாத மேசையில் பிள்ளை கையாலேயே நாடாவைச் சுற்றி இழுக்கலாம். கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் பளபளப்பு வரும். அளவுக்கு மீறித் தேய்த்தால் ஆணி இளைத்து, சக்கரம் தள்ளாடும். 400ஆம் எண்ணில் நிறைய நேரம் நிற்பதுதான் பெரும்பாலும் காரணம்.

மேசைக்கு வேண்டியவை: மெல்லிய அரம் மூன்று, வாட்டர் பேப்பர் மூன்று எண்ணிலும் இரண்டிரண்டு தாள், தண்ணீர்க் கிண்ணம், பழந்துணி, ஆணியைப் போட்டு வைக்கப் பெயர் எழுதிய சின்ன ஜிப் பை 12. பை இல்லாவிட்டால் யார் ஆணி யாருடையது என்ற வழக்கு மாலை வரை ஓடும்.

எடை

கனமான கார் ஏன் ஜெயிக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். எல்லாப் பொருளும் ஒரே வேகத்தில்தானே விழும் என்று படித்திருப்பார்கள். காற்று இல்லாவிட்டால் அது சரி. இங்கே ஒரே வடிவமுள்ள இரண்டு கார்களையும் காற்று ஒரே அளவு தடுக்கிறது; கனமானதை அந்தத் தடை குறைவாகத் தாமதப்படுத்துகிறது. சக்கரத்தைச் சுழற்றப் போகும் ஆற்றலும் மொத்தத்தில் சிறு பங்காகிவிடுகிறது. எனவே 5 அவுன்ஸை, அதாவது 141.7 கிராமை, எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்க வேண்டும். எடையைப் பின்னால் வைப்பதற்குக் காரணம் தனி: தொடக்கத்தில் கார் சரிவில் நிற்கும்போது வால் பக்கம்தான் உயரத்தில் இருக்கும். எடை பின்னால் இருந்தால் அது இறங்கும் உயரம் கூடுகிறது.

பாதி மரம் வெட்டிய ஆப்பு வடிவக் காருக்குச் சுமார் 2½ முதல் 3 அவுன்ஸ் எடை சேர்க்க வேண்டியிருக்கும். 12 காருக்கு 36 அவுன்ஸ் வாங்கினால் போதும். டங்ஸ்டன் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி. சின்னத் துளையில் நிறைய எடை அடங்கும், ஆனால் விலை கடிக்கும். துத்தநாகக் கலவை எடைகள் மலிவு, இடம் அதிகம் அடைக்கும். காரில் பாதி டங்ஸ்டன், பாதி துத்தநாகம் என்பது நியாயமான சமரசம். ஈயம் வேண்டாம். தூண்டில் குண்டு வீட்டில் கிடக்கிறது என்று எடுத்து வருவார்கள். பிள்ளைகள் கை வைக்கும் மேசையில் அது நஞ்சு.

காசு மிச்சப்படுத்த ஒரு வழி: அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தின் விட்டம் ¾ அங்குலம், 1983 முதல் அச்சானவை 2½ கிராம். தட்டையான அடியுள்ள துளை போடும் ¾ அங்குலப் ஃபார்ஸ்ட்னர் பிட்டால் அடிப்பக்கம் துளைத்து, துளையின் ஓரத்தை லேசாகத் தேய்த்தால் நாணயங்கள் அடுக்காக உட்காரும்.

சமநிலைப் புள்ளி பின் அச்சுக்கு ஓர் அங்குலம் முன்னால் இருந்தால் போதும். ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்துக் காரை அதன் மேல் நிறுத்திப் பார்க்கலாம். இன்னும் பின்னால் தள்ளினால் முன்சக்கரம் லேசாகி, தடம் இணையும் இடங்களில் துள்ளி நடுப்பட்டியில் மோதும். பிள்ளைகளின் காருக்கு அந்த விளையாட்டு வேண்டாம்.

எடையை ஒட்ட ஐந்து நிமிடத்தில் இறுகும் எப்பாக்சி பசை, கையுறை போட்ட பெரியவர். சூடான பசைத் துப்பாக்கி வேகமாகத் தெரியும், ஆனால் தடத்தின் கோடியில் கார் மோதி நிற்கும்போது எடை தெறித்துவிடும்.

தராசு இரண்டு, 0.1 கிராம் காட்டுவதாக, 200 கிராமாவது தாங்குவதாக. ஐந்து சென்ட் நிக்கல் நாணயம் ஒன்று 5 கிராம். 28 நாணயங்களை வைத்தால் 140 காட்ட வேண்டும். காரையும் அந்த 140 கிராமிலேயே நிறுத்துங்கள். போட்டி நாளின் தராசு உங்களுடையதோடு ஒத்துப்போகும் என்று உறுதியில்லை. மிச்சத்தை அங்கே, பிசைந்த மாவு போல ஒட்டும் டங்ஸ்டன் மாவால் நிரப்பிக்கொள்ளலாம். எடை போடும்போது சக்கரம், ஆணி, ஸ்டிக்கர் எல்லாம் காரின் மேல் இருக்க வேண்டும் என்பதைப் பாதிப் பேர் மறப்பார்கள்.

சக்கரம் மாட்டுவது

சக்கரம் உரசாமல் சுழலப் பூசும் கிராஃபைட் பொடிக்கான மேசை கடைசி மூலையில். அந்தக் கறுப்புத் தூள் கையில் பட்டு, கையிலிருந்து வெள்ளைக் கார் மேல் போய்விடும். மேசையில் செய்தித்தாள், பிள்ளைக்குப் பழைய சட்டை. மூன்று குழாய் 12 பேருக்குத் தாராளம். எண்ணெய் எதுவும் வேண்டாம். தூசியைச் சேர்த்து இறுகும், பல பேக்குகளில் தடையும் உண்டு. சக்கரத்தின் துளையில் கொஞ்சம் பொடி, ஆணியில் கொஞ்சம், மாட்டிச் சுழற்றுவது. இதையே நாலைந்து முறை.

காடிக்குள் ஆணியை அடிப்பதற்கு முன் உதிரி ஆணி ஒன்றை விட்டு எடுத்து வழி பண்ணுங்கள். சக்கரத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு பழைய கிரெடிட் கார்டைச் செருகி, அது இறுகும் வரை ஆணியைத் தட்டி, கார்டை உருவினால் சரியான இடைவெளி கிடைக்கும். இடைவெளி கூடினால் சக்கரம் ஆடும்; குறைந்தால் மரத்தில் உரசும்.

இப்போது நான்கடி நீளமுள்ள வழுவழுப்பான பலகையைச் சற்றே சாய்த்துக் காரை உருட்டுங்கள். ஓர் அங்குலத்துக்குமேல் ஒரு பக்கம் ஒதுங்கினால், முன் ஆணிகளில் ஒன்றை இடுக்கியால் மயிரிழை திருப்பி மறுபடி உருட்டுங்கள். பலமுறை செய்ய வேண்டியிருக்கும். நேராக ஓடிய பிறகே அடியிலிருந்து காடியில் ஒரு துளி வெள்ளைப் பசை. பசை சக்கரம் பக்கம் வழியக் கூடாது, குச்சி முனையால் வையுங்கள். முதலிலேயே பசை விட்டவர்களின் காரைத் திருத்த வழியில்லை.

போட்டி நாளுக்கு ஒரு டப்பா கட்டி வையுங்கள்: உதிரிச் சக்கரம் எட்டு, மெருகேற்றிய ஆணி எட்டு, சூப்பர் குளூ, டங்ஸ்டன் மாவு, சின்ன டிரில் பிட், இடுக்கி, டேப், கிராஃபைட் ஒரு குழாய். எடை கூடிய காரில் அடியில் ஒரு துளை போட்டு மரத்தூளைத் தட்டிவிட்டால் இரண்டு கிராம் இறங்கும். உடைந்த சக்கரத்தை மாற்றிய காரை மறுபடியும் தராசில் வைக்காமல் வரிசைக்கு அனுப்பாதீர்கள்.